மண்சரிவுக்குப் பின் சிறுவர் இல்லத்துக்குப் பணிக்குப் போகிறவர்களுக்கு

மலையகத்தில் பெரிய நிலநடுக்கம் வருவது அரிது. 2020இல் கண்டி மாவட்டத்தின் திகன, ஹாரகம பக்கம் நிலம் லேசாக அதிர்ந்து மக்கள் கலங்கினார்கள். நமக்குப் பழகிய அனர்த்தம் மண்சரிவுதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் பல இடங்கள் ஒரே நேரத்தில் சரிந்தன. இப்படியான நாட்களில் சபைகளிலிருந்தும் வாலிபர் சங்கங்களிலிருந்தும் சிறுவர் இல்லங்களுக்கு உதவப் போகிறவர்கள் அதிகம். முதன்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

பிள்ளைகளை அணைத்துக்கொள்ளத்தான் எல்லாருக்கும் மனம் வரும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே மேட்ரன் இருக்கிறார், சமையல் அக்கா இருக்கிறார், இரவுக் காவல் ஐயா இருக்கிறார். அனர்த்தம் நடந்த நாளிலிருந்து அவர்கள் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். பலருடைய சொந்த வீடும் சேதப்பட்டிருக்கும். சேறு அள்ளுவது, தண்ணீர் சுத்தம் செய்வது, கான் (வடிகால்) வெட்டுவது, பதிவு எழுதுவது ஆகிய வேலைகளை அவர்கள் தலையிலிருந்து இறக்கினால் அவர்கள் பிள்ளைகளிடம் திரும்பிப் போவார்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தப் பழகிய முகங்கள்தான். புதிய முகங்கள் எத்தனை வந்தாலும் அந்த இடத்தை நிரப்பாது.

புறப்படும் முன்

முதலில் இல்லப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். "என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டால், சங்கடப்பட்டு "எதுவானாலும் பரவாயில்லை" என்பார். அதனால் "தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குசினி வேலை செய்கிறதா? எத்தனை மலசலகூடம் பாவிக்கக்கூடியதாக இருக்கிறது? எத்தனை மெத்தை நனைந்தது?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடைகளிலிருந்தே சாமான் பட்டியல் வந்துவிடும்.

சிறுவர் இல்லங்கள் மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் மேற்பார்வையில் இருப்பவை. பொறுப்பாளர் சம்மதித்தாலும் பிரதேச நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அறிவிக்காமல் போகக்கூடாது. கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். வருகிறவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தங்கும் நாட்கள், பொறுப்பான ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கடிதம் எழுதி நாலைந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பாதை மறித்து நிற்கும் பொலிஸாரிடமும் இராணுவத்தினரிடமும் காட்ட அது உதவும். கடிதம் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட வேன்கள் நிறைய.

குழு ஆறு முதல் எட்டுப் பேர் போதும். இருபது பேர் போனால் அவர்களுக்குச் சமைப்பதே இல்லத்துக்கு வேலையாகிவிடும். உங்கள் சாப்பாடு, குடிதண்ணீர், பாய், போர்வை, டோர்ச் எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். பிள்ளைகள் படுக்கும் கட்டடத்தில் தங்காதீர்கள். பக்கத்துச் சபை மண்டபமோ பாடசாலையோ கேட்டுப் பாருங்கள். புறப்படும் முன் ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்ட காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் ஆணி குத்துவது அங்கே தினசரி நடக்கும் விஷயம்.

பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழி நுவரெலியா போகும் ஏ7, பேராதனையிலிருந்து கம்பளை வழி போகும் ஏ5, பெரகலை, கொஸ்லந்தை வழி வெல்லவாய இறங்கும் ஏ4 ஆகிய மூன்றுமே மழைக்காலத்தில் மண் விழும் பாதைகள். மேற்குச் சரிவுகளான ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை அதிக மழை. பதுளை, அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. பகலில் மட்டும் பயணம் செய்யுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எண்ணுக்கு அழைத்துப் பாதை நிலைமையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எதைக் கொண்டு போவது

மண்வெட்டி, அலவாங்கு, தட்டையான சவல், பழைய உரப்பை, 10 லீற்றர் வாளி, ரப்பர் சப்பாத்து, தடித்த கையுறை, தார்ப்பாய், நைலோன் கயிறு, குளோரின் தூள், சவர்க்காரம், பெண்பிள்ளைகளுக்கான சுகாதார அணையாடை, புதிய உள்ளாடைகள், கம்பளிப் போர்வை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். ஈரக் காலத்து இரவில் ஒரு பிள்ளைக்கு ஒரு போர்வை போதாது, இரண்டாகக் கணக்குப் போடுங்கள்.

பழைய துணி மூட்டை வேண்டவே வேண்டாம். கொழும்பிலிருந்து வரும் மூட்டையில் பாதி மெல்லிய பருத்தி, மீதி பெரியவர்கள் அளவு. அதைத் தரம் பிரிக்க ஒரு நாள் போகும். பிரித்தபின் மிஞ்சுவது மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்து, எலிக்குக் கூடாகும். பால்மாவும் பாலூட்டும் போத்தலும் கொண்டு போகாதீர்கள். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் போத்தல் பால் வயிற்றோட்டத்தைத்தான் கொண்டு வரும். கைக்குழந்தை இருந்தால் குடும்பநல மருத்துவ மாது சொல்வதன்படி நடக்கட்டும்.

வந்ததும் மேட்டைப் பாருங்கள்

வேனிலிருந்து சாமான் இறக்குவதற்கு முன் கட்டடத்தின் பின்னால் போய் மேட்டைப் பாருங்கள். ஒரு முறை சரிந்த மேடு மறுபடி சரியும். மழை விட்டுவிட்டது என்று நம்பாதீர்கள். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற நாட்கள் எடுக்கும்.

தேட வேண்டியவை: மேட்டின் மேற்பகுதியில் பிறை வடிவில் ஓடும் வெடிப்பு, சாய்ந்த மரம், சாய்ந்த மின்கம்பம், நேற்றுவரை இல்லாத இடத்தில் திடீரென்று வரும் ஊற்று, வழக்கமாக ஓடும் பீலித் தண்ணீர் நின்றுபோவது அல்லது கலங்கலாக வருவது, இறுகிப்போய்த் திறக்காத கதவு, தரையில் புதிதாக விழுந்த கீறல். தோட்டத்துப் பெரியவர்களுக்கு இவை அத்துப்படி. பக்கத்து லயத்தில் ஒரு வயதான கங்காணி ஐயாவைக் கூட்டிக்கொண்டு சுற்றி வாருங்கள். பத்து வருடம் முன்பு கான் எந்தப் பக்கம் ஓடியது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

சுவரிலோ தரையிலோ வெடிப்பு இருந்தால் அது வளர்கிறதா என்று அளக்க வேண்டும். சுவர் வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் ஒரு புள்ளி போட்டு, இடைவெளியை மில்லிமீற்றரில் அளந்து, திகதியையும் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தரை வெடிப்பின் இரு பக்கமும் குச்சி அறைந்து கயிற்றால் அளவெடுங்கள். காலையும் மாலையும் பாருங்கள். இடைவெளி கூடினால் அந்தக் கட்டடத்தில் அன்றிரவு யாரும் படுக்கக்கூடாது. மேட்டின் பாதுகாப்பான பக்கத்திலிருந்து எட்டினால் தரை வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து மேலே தார்ப்பாய் விரியுங்கள். மழைநீர் அதற்குள் இறங்கினால் மேடு கனத்து மண் வழுக்கும். அதிர்வில் விழுந்த வெடிப்பு என்றால், ஜன்னல் மூலைகளிலிருந்து குறுக்காக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படி ஓடினால் சுவரின் பலம் போய்விட்டது என்று அர்த்தம்.

கட்டடத்துக்குள் மறுபடி குடியிருக்கலாமா என்று தீர்மானிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கேட்டால் அவர்கள் வந்து பார்ப்பார்கள். கோரிக்கைகள் குவிந்திருக்கும் என்பதால், வெடிப்பு அளவுகளும் படங்களும் இணைத்த கடிதம் முன்னுக்கு நகர வாய்ப்பு அதிகம். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுப்பது ஒரு நாள் சேறு அள்ளுவதற்கு நிகரான உதவி.

அந்த நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று நிலை. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். பொதுவாக 24 மணி நேரத்தில் 75 மி.மீ., 100 மி.மீ., 150 மி.மீ. மழை என்பது அந்தப் படிகள். ஒரு மணி நேரத்திலேயே 75 மி.மீ. பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். இதை அளக்க ஒரு பிளாஸ்ரிக் போத்தல் போதும். பக்கம் நேராக உள்ள போத்தலின் தலையை வெட்டித் தலைகீழாக அதற்குள் செருகுங்கள். அடியின் வளைவு மூடும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, தண்ணீர் மட்டத்தில் பூச்சியக் கோடு கீறி, அதற்கு மேலே ஓர் அடிமட்டத்தை ஒட்டுங்கள். கூரையோ மரமோ மறைக்காத வெளியில் வைத்துத் தினமும் காலை 8.30க்குப் பாருங்கள். கடும் மழையில் மணிக்கு ஒரு தரம். பெரிய பிள்ளைகள் இந்த வேலையை ஆசையாகச் செய்வார்கள், செய்யவும் விடலாம். ஆனால் போத்தல் காட்டும் அளவு குறைவு என்பதற்காக எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். மேடு வெடித்திருந்தால் குறைந்த மழையிலும் இறங்கும்.

இரவில் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அன்று பகலிலேயே முடிவெடுங்கள். மண் வரும் வழிக்குக் குறுக்காக, பக்கவாட்டில் ஓட வேண்டும். கீழ் நோக்கி ஓடக்கூடாது. ஓடும் பாதையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிள்ளைகளை ஒரு முறை பகலில் நடத்திப் பாருங்கள். ஒவ்வொரு பெரிய பிள்ளைக்கும் ஒரு சின்னப் பிள்ளையைக் கைப்பிடிக்கக் கொடுப்பது பல இல்லங்களில் வழக்கம். அந்த ஜோடிகளை நீங்கள் மாற்ற வேண்டாம்.

சேறு

பிரதான மின் ஆளியை அணைத்து, காஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியில் வைத்தபின்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். நனைந்த மின்கம்பிகளை மின்சாரசபை ஆட்கள் பார்க்கும்வரை ஆளியைப் போடாதீர்கள்.

புதியவர்கள் கனத்தைக் குறைத்து மதிப்பிடுவார்கள். 20 அடிக்கு 20 அடி அறையில் 4 அங்குலச் சேறு என்றால் ஏறத்தாழ 3.8 கன மீற்றர். ஈரச் சேறாக அது 6 தொன்னுக்கு மேல். 10 லீற்றர் வாளியை நிரப்பினால் 17 கிலோவுக்குக் குறையாது. ஆகவே வாளியைப் பாதிதான் நிரப்ப வேண்டும். சங்கிலியாக நின்று கைமாற்ற வேண்டும், அரை மணிக்கு ஒரு தரம் இடம் மாற வேண்டும். முதல் நாள் வீரம் காட்டியவர்கள் இரண்டாம் நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ளுங்கள். இரண்டு வெயில் காய்ந்தால் அலவாங்கு தேவைப்படும். முதலில் வாசலிலிருந்து உட்சுவர்வரை ஒரு நடைபாதையைத் துப்புரவாக்குங்கள். பிறகு உள் மூலையிலிருந்து வாசலை நோக்கி அள்ளிக்கொண்டு வாருங்கள். தண்ணீர் அடித்துக் கழுவுவது கடைசி வேலை. முதலிலேயே தண்ணீர் அடித்தால் சேறு கானுக்குள் போய் அடைத்து, அடுத்த மழை முழுவதும் அறைக்குள் வரும்.

அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது? இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. முற்றத்து விளிம்பிலிருந்து கீழே தள்ளிவிடுவது சுலபம், ஆனால் கீழே ஒரு லயம் இருக்கும், அல்லது தடுப்புச் சுவர் இருக்கும். சுவரின் தலையில் மண் ஏற ஏற அது தள்ளப்பட்டுச் சாயும். சமதரையான, கானிலிருந்து விலகிய இடத்தைத் தோட்ட நிர்வாகத்திடமோ கிராம உத்தியோகத்தரிடமோ கேட்டு, அங்கே கொண்டு போங்கள்.

தடுப்புச் சுவரின் அடியில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வைத்தவை. மண்ணும் வேரும் அடைத்துப் போனால் தண்ணீரின் அழுத்தம் முழுவதும் சுவரில் ஏறும். நீண்ட இரும்புக் கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்திப் பாருங்கள். அடைப்பு விலகும்போது கறுத்த தண்ணீர் பீறிடும், நேராக முன்னால் நிற்காதீர்கள். சுவர் வயிறு தள்ளி நின்றாலோ தலை முன்னுக்குச் சாய்ந்திருந்தாலோ துளைப் பக்கம் போகவே வேண்டாம். அதன் விழுகை எட்டாத தூரத்தில் கயிறு கட்டிப் பிள்ளைகளை மறித்துவிடுங்கள்.

பின்மேட்டின் அடியில் ஓடும் கானை இல்லத்தின் முழு நீளத்துக்கும் திறந்து, கடைசியில் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பதுவரை நடந்து பாருங்கள். பாதி தூரம் வெட்டிய கான் பக்கத்து வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும்.

சேற்றில் ஊறிய பஞ்சு மெத்தையைக் காயவைத்துப் பாவிக்க முடியாது. மேலே காய்ந்தாலும் உள்ளே நாறும். கழிப்பதற்கு முன் பொறுப்பாளரிடம் எண்ணிக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். கணக்காய்வில் கேட்பார்கள். சேற்றில் வேலை செய்தபின் ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சல், தசை நோவு, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போய், சேற்றில் நின்றதைச் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். நீங்களாக வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது.

தண்ணீர்

மலையக இல்லங்கள் பலவற்றுக்கும் தண்ணீர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியே வருகிறது. சரிவில் குழாய் உடைந்திருக்கும், ஊற்றுத் தொட்டி மண்ணால் மூடியிருக்கும். ஊற்றுக்குப் போகிற வழி பாதுகாப்பானது என்று தெரியும்வரை மேலே ஏறாதீர்கள். அதுவரை பிரதேச சபையிடம் தண்ணீர் பவுசர் கேளுங்கள்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் என்று கணக்கிடுங்கள். 30 பிள்ளைகளும் 10 பெரியவர்களும் என்றால் 600 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கி ஒன்றரை நாளுக்குச் சற்று மேல் வரும்.

குளோரின் போடும் ஒழுங்கு:

1. கலங்கல் தண்ணீரை மூன்று நாலு மடிப்புத் துணியில் வடித்து, தெளியும்வரை வையுங்கள். கலங்கல் நீரில் குளோரின் போட்டால் அழுக்கே அதைத் தின்றுவிடும்.

2. தாய்க்கரைசல் செய்யுங்கள். தூளின் பொதியில் குளோரின் அளவு 30 சதவீதம் என்றிருந்தால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 33 கிராம், 65 முதல் 70 சதவீதம் என்றிருந்தால் 15 கிராம். பிளாஸ்ரிக் பாத்திரத்தில் கரைத்து, மண்டி அடங்கியபின் மேல்நீரை எடுங்கள். இது ஒரு சதவீதக் கரைசல். இருட்டில் மூடி வையுங்கள், வாரத்துக்கு ஒரு முறை புதிதாகச் செய்யுங்கள்.

3. 20 லீற்றர் வாளிக்கு ஒரு தேக்கரண்டி (5 மி.லீ.), 1,000 லீற்றர் தாங்கிக்கு 200 மி.லீ. கலக்கி அரை மணி நேரம் விடுங்கள்.

4. அரை மணிக்குப் பின் லேசான குளோரின் வாடை வர வேண்டும். பொது சுகாதார பரிசோதகரிடம் சோதிக்கும் சிறு பெட்டி இருக்கும். லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. மிஞ்சியிருந்தால் சரி.

சேறு புகுந்த தாங்கியை முதலில் தேய்த்துக் கழுவி, நீர் நிரப்பி, 1,000 லீற்றருக்கு 5 லீற்றர் தாய்க்கரைசல் ஊற்றி ஓரிரவு வையுங்கள். மறுநாள் அந்த நீரை ஓடையில் விடாமல் வெறுந்தரையில் ஊற்றுங்கள், மீன் செத்துப்போகும். குளோரினையும் மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, எழும் புகை நெஞ்சை அடைக்கும்.

யாருக்காவது வயிற்றோட்டம் என்றால் ஜீவனி (உப்பு, சர்க்கரை கலந்த நீரிழப்புத் தூள்) பொதி ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுங்கள். பொதியைப் பாதியாகப் பிரித்து ஒரு குவளையில் போடுகிற பழக்கம் ஆபத்து, உப்பு கூடிவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்கு வந்தால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அன்றே சொல்லுங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ்.

மலசலகூடமும் குசினியும்

20 பேருக்கு ஒன்று. பெண்பிள்ளைகளுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளோடு, இரவில் விளக்கோடு. புதிதாகக் குழி வெட்டினால் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் 30 மீற்றராவது தள்ளி, அவற்றுக்குக் கீழ்ப்பக்கமாக. வெடித்த மேட்டுப் பக்கம் குழி தோண்டவே வேண்டாம். கை கழுவ வாசலிலேயே தண்ணீரும் சவர்க்காரமும்.

குசினியில் சமையல் அக்கா சொல்கிறபடி செய்யுங்கள். பிள்ளைகளுக்கு எது இறங்கும், யாருக்கு இறால் ஒவ்வாது என்று அவருக்குத் தெரியும். சாமான் கணக்கு வேண்டுமானால்: ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி 300 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம். 40 பேருக்கு அரிசி 12 கிலோ, பருப்பு இரண்டரைக் கிலோ, எண்ணெய் ஒரு லீற்றர் அளவில் வரும். பக்கத்தில் கிடைக்கிற லீக்ஸ், கரட், கோவா, கிழங்கை அங்கேயே வாங்குங்கள். விற்க வழியில்லாமல் நிற்கும் தோட்டக்காரருக்கும் அது உதவி. நூடில்ஸ் பெட்டியாக அடுக்கிக் கொடுக்காதீர்கள். காலையில் கடலையோ சமபோஷவோ இருந்தால் பிள்ளைகள் பத்து மணிவரை தாங்குவார்கள்.

பிள்ளைகளோடு

இங்கே விதிகள் கடுமையானவை, கடுமையாகவே இருக்க வேண்டும். அனர்த்த நேரத்தில் கதவுகள் திறந்திருக்கும், யார் வருகிறார் போகிறார் என்று தெரியாது. கெட்ட நோக்கம் உள்ளவர்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

எந்தப் பிள்ளையோடும் தனியாக ஓர் அறையில் இருக்கக்கூடாது, இல்லத்தின் ஆள் ஒருவர் கண்ணெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளிக்கும் இடத்துக்கும் படுக்கும் அறைக்கும் போகக்கூடாது. வாசலில் ஒரு கொப்பி வைத்து, உள்ளே வரும் ஒவ்வொருவரும், போதகரும் பாதரும் உட்பட, பெயர், நேரம், காரணம் எழுதட்டும். பிள்ளையின் முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டுமென்றால் சுத்தமான தாங்கியையும் திறந்த கானையும் படமெடுங்கள். துன்புறுத்தல் பற்றிச் சந்தேகம் வந்தால் நீங்களே விசாரிக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்குச் சொல்லுங்கள்.

"உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுக் கதையைப் பிடுங்காதீர்கள். தானாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள், பிறகு மேட்ரனிடம் சொல்லுங்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கே சில பிள்ளைகள் எழுந்து உட்காருவார்கள். படுக்கையை நனைப்பார்கள், பெரிய பிள்ளைகளும்தான். அதற்காக மேலதிகப் பாயும் விரிப்பும் ஒரு மூலையில் வைத்து, சத்தமில்லாமல் மாற்ற வழி செய்யுங்கள். வழக்கமான நேரத்தில் சாப்பாடு, வழக்கமான நேரத்தில் படிப்பு, முடிந்தளவு சீக்கிரம் பாடசாலை. இவை செய்யும் நன்மையை எந்த விளையாட்டு முகாமும் செய்யாது. வாரக்கணக்கில் பேசாமலோ சாப்பிடாமலோ ஒரு பிள்ளை இருந்தால் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 1926 உண்டு.

"உன்னை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகட்டுமா?" என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். இல்லத்திலிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையும் வெளிநாட்டு வேலையும் கொண்டுவந்து விட்டவர்கள்தான் அதிகம். நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம், அந்தத் தாய் இப்போது எங்கே இருக்கிறார், பத்திரமாக இருக்கிறாரா என்று தோட்டம் தோட்டமாக விசாரித்துச் செய்தி கொண்டு வருவது. கிடைத்த செய்தியைப் பிள்ளையிடம் நீங்கள் சொல்லாதீர்கள், நல்லதோ கெட்டதோ மேட்ரன் சொல்லட்டும்.

ஜெபமும் ஆராதனையும்

பணிக்குப் போகிறவர்கள் விசுவாசத்தோடுதான் போகிறோம். ஆனால் மலையகத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் கும்பிடும் வீட்டுப் பிள்ளைகள். இல்லத்தில் வழக்கமாக நடக்கும் ஜெபத்தில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள், புதிதாக ஒரு கூட்டம் தொடங்காதீர்கள். சாமான் கொடுக்கும் வரிசையில் ஜெபத்தையோ பிரசங்கத்தையோ சேர்க்க வேண்டாம். துண்டுப் பிரசுரத்தை அரிசிப் பொதிக்குள் வைப்பதும் அதே கதைதான். திக்கற்ற நேரத்தில் வாங்கிய பொருளுக்காகத் தலையாட்டும் பிள்ளையின் சம்மதம் சம்மதமல்ல. அந்தச் சந்தேகம் ஊரில் ஒரு முறை எழுந்தால் இல்லமே நெருக்கடிக்குள்ளாகும். "கடவுள் தண்டித்தார்" என்ற சொல் எந்த வாயிலிருந்தும் வரக்கூடாது. பிள்ளை அதைத் தன் மேல் போட்டுக்கொள்ளும்.

நனைந்த பத்திரங்கள்

யாருக்கும் ஞாபகம் வராத வேலை இது. பிறப்புச் சான்றிதழ், நீதிமன்றக் கட்டளை, தடுப்பூசி அட்டை, பாடசாலை அறிக்கை எல்லாம் அலுவலக அலுமாரியின் கீழ்த்தட்டில்தான் இருக்கும், கீழ்த்தட்டுத்தான் முதலில் நனையும்.

ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். வெயிலில் போடாதீர்கள், மை பறந்து தாள் சுருளும். சேற்றைச் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, மை ஊறுகிறதென்றால் அதையும் நிறுத்தி, அச்சில்லாத வெள்ளைத் தாளுக்கிடையில் வைத்து, காற்றோட்டமான நிழலில் தட்டையாக விரியுங்கள். இடைத்தாளைச் சில மணிக்கொரு முறை மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை சான்றிதழில் ஏறும். நிறைய இருந்து கை போதாவிட்டால் பொலித்தீன் பையில் கட்டி ஒரு ஆழ்குளிர்பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்காமல் நிற்கும், பிறகு சிறிது சிறிதாகக் காயவைக்கலாம். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் இல்லத்தின் சொந்தத் தொலைபேசியில் மட்டும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் தொலைபேசியில் ஒன்றும் இருக்கக்கூடாது. தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம்.

இடம் மாற்ற வேண்டி வந்தால்

சிவப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் வெளியேறுங்கள், கடிதம் பிறகு. நேரம் இருந்தால் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளையும் வாகனத்தில் ஏறக்கூடாது. பெயர், வயது, பெற்றோர், தோட்டமும் பிரிவும், எடுக்கும் மருந்து ஆகியவை எழுதிய பட்டியல் மூன்று பிரதி: ஒன்று மேட்ரனிடம், ஒன்று வாகனத்தில், ஒன்று உத்தியோகத்தரிடம். ஏறும்போது எண்ணுங்கள், இறங்கும்போது எண்ணுங்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கையைப் பிரிக்காதீர்கள். சின்னப் பிள்ளையின் சட்டையில் பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிடாமல், உள்பக்கம் ஒரு துணித் துண்டில் எழுதித் தையுங்கள்.

தங்கும் இடத்தில் ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீற்றர் வேண்டும். 20க்கு 20 அடி வகுப்பறையில் பத்துப் பேர். சீமெந்துத் தரையில் நேராகப் பாய் போட்டால் விடியுமுன் குளிர் ஏறும். கீழே தார்ப்பாய், அதன்மேல் விரித்த அட்டைப்பெட்டி, பிறகு பாய்.

பணமும் பிந்திய மாதங்களும்

முதல் இரண்டு வாரம் லொறிகள் வரிசையில் நிற்கும். மூன்றாம் மாதம் ஒருவரும் இல்லை, ஆனால் மின்கட்டணம், புதுச் சப்பாத்து, சமையல் அக்காவின் சம்பளம் எல்லாம் அப்போதுதான் இடிக்கும். கையிலுள்ள பணத்தில் பாதியை மூன்றாம் மாதத்துக்குப் பிறகு கொடுப்பதற்கென்று ஒதுக்குங்கள். இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள், தனி ஆளின் கையில் கொடுக்காதீர்கள். இரவில் பிள்ளைகளைப் பார்க்க ஒரு மேலதிக ஆளை ஆறு மாதத்துக்கு வேலைக்கு வைக்க உதவினால், மேட்ரன் தூங்குவார்.

போகும் நாளைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்ன நாளில் போங்கள். தொலைபேசி எண் கொடுக்காதீர்கள், "மறுபடி வருவேன்" என்று திகதி இல்லாமல் சொல்லாதீர்கள். வெடிப்பு அளந்த கொப்பி, மழைப் போத்தலின் பதிவு, தாய்க்கரைசல் செய்யும் அளவு எழுதிய அட்டை, கழித்த சாமான் பட்டியல், வாசல் கொப்பி ஆகிய ஐந்தையும் பொறுப்பாளரின் கையில் கொடுத்து, அடுத்த வாரம் வெடிப்பை யார் அளப்பார் என்று பெயரோடு கேட்டு எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.